கை எட்டிய உயரம்

காலை பதினோரு மணிக்கு ஓவியக் கூடத்தின் மூன்றாம் அறைக்குள் நுழைந்ததும் அண்ணி செய்த முதல் காரியம், காவலாளியின் நாற்காலியில் உட்கார்ந்ததுதான்.

"தடயம் பாக்க வந்தீங்களா, தூங்க வந்தீங்களா?" என்றேன்.

"ரெண்டையும் உக்காந்துக்கிட்டே செய்யலாம், வாயாடி."

அண்ணி என்றால் என் சொந்த அண்ணன் மனைவி. காப்பீட்டு நிறுவனத்துக்காக இருபத்திரண்டு வருடம் தீ விபத்தையும் திருட்டையும் விசாரித்துவிட்டு, பாதம் வீங்குகிறது, தூக்கம் வரமாட்டேன் என்கிறது என்று வெளியே வந்தவர். வந்தவர் சும்மா இருக்கவில்லை. வீட்டு முன்னறையில் மேஜை போட்டுத் துப்பறியும் அலுவலகம் திறந்துவிட்டார். புருஷனை விட்டுவிட்டுப் பெட்டியோடு வந்து நின்ற நாத்தனாரான என்னை, "அந்த வாயை வீணாக்காதே" என்று உதவியாளராக்கிக்கொண்டார். அப்போதிலிருந்து எனக்கு வாயாடி என்றே பெயர். என்னை வேறு பெயரில் கூப்பிடுகிறவர் வங்கிக்காரர் மட்டும்தான்.

எங்கள் எதிரே எட்டடி உயர இரும்புத் தகடு ஒன்று சுவரில் மாட்டியிருந்தது. பக்கத்தில் ஒட்டியிருந்த சீட்டில் 'தலைப்பில்லாதது – ஒன்பது' என்று போட்டிருந்தார்கள். தகட்டில் அங்கங்கே மெழுகும் அரக்கும் பூசி, மீதி இடத்தைத் துருப்பிடிக்க விட்டிருந்தார் ஓவியர். அதுதான் ஓவியம். அவர் செத்துப் பதினோரு வருடம் ஆகிறது. தகடு இந்தக் கூடத்துக்கு வந்து பத்தொன்பது வருடம்.

"இது போலின்னு சொல்றாங்க," என்றாள் எங்களைக் கூப்பிட்டிருந்த சீரமைப்பாளர். கூடத்திலுள்ள படங்களுக்கு விரிசல், பூஞ்சை, அழுக்கு என்று வந்தால் வைத்தியம் பார்ப்பது அவள் வேலை. முப்பத்தைந்து வயதிருக்கும். இரண்டு ராத்திரி தூங்காத முகம். "பேராசிரியர் போன வாரம் வந்து பார்த்தார். ஒரு நிமிஷம்தான் பார்த்தார். 'இது நான் பார்த்த படம் இல்ல, யாரோ மாத்திட்டாங்க'ன்னு இயக்குநருக்குக் கடிதம் எழுதிட்டார். சாவி என்கிட்டதான் இருக்கு. இந்த ரூம்ல தனியா வேலை பார்க்கிறவளும் நான்தான்."

"விசாரணை எப்போ?" என்று கேட்டேன்.

"இன்னிக்கு நாலு மணிக்கு. அதுக்குள்ள ஒண்ணும் தெரியலன்னா போலீசுக்குப் போகுது. வேலை போறது ஒரு பக்கம் இருக்கட்டும்ங்க. திருடின்னு பேர் வந்தப்புறம் என் கையில யார் ஒரு படத்தைக் கொடுப்பாங்க? எனக்கு வேற எதுவும் தெரியாது. ரெண்டு பொண்ணுங்க படிக்குது."

அண்ணி கண்ணை மூடியிருந்தார். தூங்குகிறார் என்று புதிதாகப் பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். பழகியவளான எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு.

அதற்குள் பேராசிரியரே வந்துவிட்டார். எழுபதைத் தொட்ட மெலிந்த மனிதர், கக்கத்தில் சுருட்டிய கட்டக் காகிதங்கள். இந்த ஓவியரைப் பற்றி நானூறு பக்கத்தில் புத்தகம் எழுதியவர். வில்லனாக இருப்பார் என்று எதிர்பார்த்து வந்த எனக்கு ஏமாற்றமாகிவிட்டது. தகட்டைப் பார்த்ததும் அவர் கண் கலங்கியது.

"வருஷா வருஷம் கூடத்துக்கு விடுமுறையான ஒரு திங்கட்கிழமை வந்து நூல் பிடிச்சு அளந்திருக்கேன்," என்று காகிதங்களைத் தரையில் விரித்தார். பத்தொன்பது வரைபடங்கள். "செம்மை எவ்வளவு தூரம் படர்ந்திருக்கு, எங்க அடர்த்தியாச்சு, எல்லாம் இருக்கு. இந்த வருஷம் வளர்ச்சி நின்னேபோச்சு. நிறமும் செத்துப்போச்சு. உயிரோட இருந்த படம் இது. இப்போ மாட்டியிருக்கிறது பொம்மை."

"எங்க வீட்டு மாடிக் கதவும் இப்படித்தான் சார் வளருது," என்றேன். "புத்தகம் எழுத ஒருத்தரும் வரல."

அவர் கோபப்படவில்லை. இந்த மாதிரி நக்கலை வாழ்நாள் முழுக்கக் கேட்டுச் சலித்தவர் போல. "கதவு தானா கெட்டுப்போகுது, அம்மா. இவர் அதைத் தெரிஞ்சே செய்தார். நவீன ஓவியத்துல பெரிய கேள்வியே, கலைஞனோட கை எங்க நிக்கணும்கிறதுதான். சிலர் துணியை மண்ணுல புதைச்சாங்க. சிலர் தீயால சுட்டாங்க. ஆனா எல்லாரும் ஒரு கட்டத்துல 'போதும்'னு நிறுத்திட்டாங்க. இவர் நிறுத்தல. கையை எடுத்துக்கிட்டு, காத்துகிட்ட வேலையை ஒப்படைச்சுட்டார். மனுஷக் கை படாம தானே வரைஞ்சுக்கிற படம். என் புத்தகமே அதுதான்."

"காத்தா?" என்றார் அண்ணி, கண்ணைத் திறக்காமலே. "இந்த ரூம்லயா?"

சுவரில் ஈரப்பதம் காட்டும் கருவி இருந்தது. சீரமைப்பாளர் பதில் சொன்னாள். "படங்களுக்குப் பூஞ்சை வரக்கூடாதுன்னு இங்க காத்தை எப்பவும் ஈரமில்லாமத்தான் வெச்சிருப்போம். ஆரம்பத்துல இருந்தே அப்படித்தான். நான் வந்து ரெண்டு வருஷம்தான் ஆகுது. ஓவியர் கலந்த உப்பு உள்ளேயே இருந்து வேலை செய்யுதுன்னு நினைச்சுக்கிட்டேன்."

அண்ணி எழுந்தார். எழுந்திருப்பது அவருக்கு ஒரு தனி வேலை. முட்டியில் கை ஊன்றி, பெருமூச்சு விட்டு, என்னை ஒரு முறை முறைத்து, பிறகு எழுவார். தகட்டுக்கு அருகே போய் மேலே பார்க்காமல் கீழே பார்த்தார். தகட்டுக்கு நேர் கீழே, சுவரோரமாக ஓடிய மரச்சட்டம் ஊதியிருந்தது. தரைக் கல்லில் சிவப்பாக ஒரு கறை. மற்ற இடமெல்லாம் பளிச்சென்று இருந்தது.

"சார், மேல ஒரு கோடு மாதிரி தெரியுதே. அதுக்கு மேல துரு ஏறலியே?"

பேராசிரியர் முகத்தில் முதல் முறையாக வெளிச்சம். "கண்டுபிடிச்சுட்டீங்களே! அதைத்தான் 'மறுக்கப்பட்ட அடிவானம்'னு பன்னிரண்டு பக்கம் எழுதியிருக்கேன். ஆறு வருஷம் வரைக்கும் தரையிலிருந்து சரியா ஆறடியில நின்னுச்சு. நேர்க்கோடு இல்ல, வில் வில்லா வளைஞ்சிருக்கும். ஏழாவது வருஷம் ஒரே பாய்ச்சலா ஓரடி மேல போயிடுச்சு. அது இரண்டாம் கட்டம். பொருள் தன் எல்லையைத் தானே மீறின தருணம்."

"வாயாடி," என்றார் அண்ணி. "அந்தக் காலிச் சுவர்கிட்ட போ. ஜன்னல் கண்ணாடி துடைக்கிற மாதிரி, எட்டுற வரைக்கும் துடை."

நான் போய் வெறும் கையால் துடைத்தேன். என் கை மேலே வளைந்து வளைந்து போயிற்று. ஆறடியைத் தாண்டி நாலு விரல் உயரத்தில் நின்றது.

"உன்னைவிட நாலு விரல் குள்ளம்," என்றார் அண்ணி களைத்த குரலில்.

பேராசிரியர் என் கையையும் தகட்டின் கோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு காகிதங்களைச் சுருட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். எனக்குப் பாவமாக இருந்தது. பன்னிரண்டு பக்கம் எழுதுவதென்றால் சும்மாவா?

நாற்காலியைப் பறிகொடுத்த காவலாளி சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். அண்ணி அவரிடம் திரும்பினார். "அண்ணே, பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னாடி இங்க துப்புரவுக்காரங்களுக்குப் புதுசா என்ன கொடுத்தாங்க?"

அவர் யோசிக்கவே இல்லை. "ஸ்டூல்மா. ஓரடி ஸ்டூல். அதுக்கு முன்னாடி ஜன்னல் திட்டுல ஏறித் துடைக்கப்போய் ஒருத்தர் விழுந்துட்டாங்க. அப்புறம்தான் ஆளுக்கு ஒண்ணு கொடுத்தாங்க."

"ரெண்டாம் கட்டம் பிளாஸ்டிக் ஸ்டூல்ல வந்திருக்கு," என்றேன் நான்.

"உங்ககூட இருந்தவங்கள்ல குள்ளமா யாரு?" என்றார் அண்ணி.

"குள்ளம்மாதான். பேரே அதுதான். திங்கட்கிழமை விடுமுறைல இந்தப் பக்கம் முழுக்க அவங்கதான் துடைப்பாங்க. எட்டு மாசம் முன்னாடி வேலையிலிருந்து நிறுத்திட்டாங்க. பஸ் டிப்போ பின்னாடி சலவைக்கூடத்துல இருக்கறதா கேள்வி."

சீரமைப்பாளருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விளங்கியது. "துடைச்சாங்களா? அதனாலதான் வளர்ந்துச்சா?"

"யாரோ ஏதோ செஞ்சதால இந்தப் படம் மாறல," என்றார் அண்ணி. "யாரோ செஞ்சுக்கிட்டு இருந்ததை நிறுத்தினதால மாறிடுச்சு. படம் அசல்தான். அதைச் சொல்லவேண்டியவங்க இங்க இல்ல."

இரண்டு பஸ் மாறினோம். அண்ணி இரண்டிலும் தூங்க முயன்று இரண்டிலும் தோற்றார்.

சலவைக்கூடம் முழுக்க நீராவி. மருத்துவமனைப் போர்வைகள் இடுப்பளவு குவிந்து கிடந்தன. அதன் பின்னாலிருந்து ஒரு தலை மட்டும் தெரிந்தது. ஐம்பத்தைந்து வயது மதிக்கலாம். குள்ளம்மா என்ற பெயரில் கொஞ்சம்கூட மிகை இல்லை.

அண்ணி சுற்றி வளைக்கவில்லை. தகட்டைப் பற்றிக் கேட்டார். அந்த அம்மா மடித்துக்கொண்டிருந்த போர்வையைக் கீழே வைத்தார்.

"அதை மாட்டின மறு வாரமே அந்த ஓவியர் வந்தாருங்க. திங்கட்கிழமை, ஆள் இல்ல. அந்த ரூம் நடுவுல நின்னு காத்தை முகர்ந்து பார்த்துட்டு, 'இங்க காய்ஞ்சு கிடக்கே, என் படம் செத்துடுமே'ன்னார். ஆபீஸ்ல சொன்னா ஒத்துக்க மாட்டாங்களாம். 'நீங்க எப்படியும் துடைக்கத்தான் போறீங்க, உப்புத் தண்ணியில துடைங்க'ன்னு கேட்டார். வாரம் ஒரு தடவை. துணியை நனைச்சுப் பிழிஞ்சு, கீழயிருந்து மேல. எட்டுற வரைக்கும் போதும்னார்."

"யாரும் பார்க்கலியா?"

"பார்த்தாங்களே. கேமராவும் இருந்துச்சு. துடைக்கிறவ துடைக்கிறான்னு விட்டுட்டாங்க."

"அந்தப் பேராசிரியர்?"

"வருஷம் ஒரு தடவை வருவார். நல்ல மனுஷன். கால் கழுவிட்டு உள்ள வருவார். நான் வாளியை நகர்த்திக்கிட்டு ஒதுங்கி நிப்பேன். என்கிட்ட எதுவும் கேட்டதில்ல."

"வேலை ஏன் போச்சு?"

அந்த அம்மா இடுப்புப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தார். மடிப்பெல்லாம் கிழிகிற நிலை. "வேற இடத்துல வேலை கேட்டா, ஏன் நின்னேன்னு கேக்கறாங்க. நிறுத்தினப்போ ஆபீஸ்ல கொடுத்த நகல், அதான் கையிலயே வெச்சிருக்கேன். தண்ணி கொண்டுபோனேன்னுதான் எழுதியிருக்கு. திருடினேன்னு இல்ல."

நான் வாங்கிப் படித்தேன். கூடத்தின் பராமரிப்புக் குறைகள் என்று பதினாறு வரிகள். ஒன்பதாவது வரி: 'திங்கட்கிழமைப் பணியாளர் விதிக்கு மாறாகப் பாட்டிலில் திரவம் எடுத்துக்கொண்டு படங்களின் அறைக்குள் செல்கிறார். நீக்க வேண்டும்.' கீழே கையெழுத்து. காலையில் எங்களுக்கு அவள் எழுதிக்கொடுத்த ஒப்பந்தத்தில் இருந்த அதே கையெழுத்து.

எங்கள் சீரமைப்பாளர்.

எனக்கு வாய் அடைத்துப்போயிற்று. அது நடக்கக்கூடிய காரியமா என்று என் அண்ணனைக் கேட்டால் தெரியும். அண்ணி தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் கிடந்த ஒரு கவிழ்த்த கூடைமேல் உட்கார்ந்தார். அவள் மறைத்ததாக எனக்குத் தோன்றவில்லை. பதினாறில் ஒன்றாக எழுதினாள், மறந்தே போனாள். அதுதான் என் கோபத்தை இன்னும் கிளப்பியது.

"உள்ளதைச் சொல்லிடறேன்," என்றார் அண்ணி. "இதுல கையெழுத்துப் போட்டவங்க வேலைதான் இப்போ போகப்போகுது. படத்தைத் திருடிட்டாங்கன்னு பழி. நாலு மணிக்கு விசாரணை. அது பழைய படம்தான்னு சொல்ல உங்களைத் தவிர வேற ஆள் இல்ல. நீங்க வந்துதான் ஆகணும்னு இல்ல. வரலைன்னா நான் தப்பாவும் நினைக்க மாட்டேன்."

நீராவி உஸ்ஸென்று அடித்தது. அந்த அம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"இன்னும் நாப்பது போர்வை இருக்குங்க," என்றார்.

நானும் அண்ணியும் போர்வை மடித்தோம். துப்பறியும் தொழிலில் அன்று நான் கற்றது, மூலையோடு மூலை சேர வேண்டும் என்பதுதான். அண்ணி மடித்த நான்கை அந்த அம்மா பிரித்து மறுபடியும் மடித்தார்.

நாலு மணி. மூன்றாம் அறையிலேயே நாற்காலிகள் போட்டிருந்தார்கள். இயக்குநர், விசாரணைக் குழுவினர் இருவர், பேராசிரியர். ஓரத்தில் எங்கள் சீரமைப்பாளர். குள்ளம்மாவைப் பார்த்ததும் அவளுக்கு முதலில் யாரென்று தெரியவில்லை. பிறகு தெரிந்தது. முகம் வெளுத்தது.

அண்ணி நடந்ததை ஐந்து வாக்கியத்தில் சொன்னார். இயக்குநர் நம்பவில்லை. "யார் வேணா இப்படி வந்து சொல்லலாமே. ஆதாரம் என்ன?"

"படத்தைத் திருப்பச் சொல்லுங்க," என்றார் குள்ளம்மா.

நாலு பேர் சேர்ந்து தகட்டை இறக்கித் திருப்பினார்கள். பின்பக்கம் இடது ஓரத்தில் துருவிலேயே பதிந்த ஒரு வலது உள்ளங்கை. மோதிர விரலின் நுனி மட்டும் இல்லை.

"இது எனக்குத் தெரியும்," என்றார் பேராசிரியர் மெல்ல. "ஓவியரோட கை. அந்த விரலை வேணும்னே மடக்கிப் பதிச்சிருக்கார். முழுமையின்மையின் கையொப்பம்னு..."

குள்ளம்மா முன்னால் போய் வலது கையை அதன்மேல் வைத்தார். விரலுக்கு விரல் அப்படியே பொருந்தியது. மோதிர விரலில் மேல் கணு இல்லை.

"சின்ன வயசுல கதவுல நசுங்கிடுச்சுங்க. மாட்டின அன்னிக்குப் பின்னாடி பிடிச்சுக்கச் சொன்னாங்க. தரை துடைச்ச கை, உப்பும் சோடாவுமா ஈரமா இருந்துச்சு. அப்புறம் ஒரு தடவை தகட்டை இறக்கினப்போ ஓவியர் பார்த்துட்டுச் சிரிச்சார். இருக்கட்டும்னுட்டார்."

பேராசிரியர் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "பத்தொன்பது வருஷமா நீங்க இதே ரூம்ல நின்னீங்க," என்றார். "நான் தகட்டை மட்டும் அளந்துக்கிட்டிருந்தேன்." அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

"அப்போ அசல்தான்," என்று இயக்குநர் மூச்சு விட்டார். அடுத்த நொடியே நிமிர்ந்தார். "ஒரு நிமிஷம். அப்போ எட்டு மாசமா இது பாழாயிட்டு இருக்கு. யார் நிறுத்தச் சொன்னது?"

குள்ளம்மா இடுப்புப் பையைத் தொடவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணியும் வாய் திறக்கவில்லை. நான்கூட.

சீரமைப்பாளர் எழுந்தாள். "நான்தான் சார். நான்தான் இவங்களை நீக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். எதுக்குத் தண்ணின்னு ஒரு வார்த்தை கேட்கல."

"அப்படின்னா படத்தைத் திருடல, கொன்னுட்டீங்க!" என்றார் இயக்குநர். "ஓவியர் சொன்னபடி நடந்துக்கிட்டு இருந்த வேலையை நிறுத்தியிருக்கீங்க. இதுக்கும் நடவடிக்கை உண்டு. அதே நடவடிக்கைதான்."

அவள் வந்தது வரட்டும் என்று நின்றாள். அவளைக் காப்பாற்ற வந்து நாங்களே குழியில் தள்ளிவிட்டோம் என்று எனக்குப் பகீரென்றது.

"ஐயா," என்றார் குள்ளம்மா. "ஓவியர் என்கிட்ட ஒண்ணு சொல்லியிருந்தார். நான் இருக்கிற வரைக்கும் துடைங்க, போனதும் நிறுத்திடுங்கன்னு. நான்தான் அதுக்கப்புறமும் பத்து வருஷத்துக்கு மேல பழக்க தோஷத்துல துடைச்சுக்கிட்டு இருந்தேன். அந்தம்மா நிறுத்தினது சரிதான். அன்னிக்கே நின்னிருக்கணும்."

இயக்குநர் குழுவினரைப் பார்த்தார். குழுவினர் பேராசிரியரைப் பார்த்தார்கள். பேராசிரியர் பேனாவை எடுத்துவிட்டிருந்தார்.

"கலைஞனோட உயிரும் படத்தோட உயிரும் ஒண்ணு," என்று முணுமுணுத்துக்கொண்டே எழுதினார். "அவர் அப்படித்தான் சொல்லியிருப்பார். நிச்சயமா அப்படித்தான்."

ஐந்து நிமிடத்தில் கோப்பு மூடப்பட்டது. சீரமைப்பாளர் குள்ளம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். திங்கட்கிழமை வேலை திரும்ப வேண்டுமா என்று இயக்குநர் கேட்டதற்கு, "வேண்டாங்க, அங்க போர்வை நிறைய இருக்கு," என்று சொல்லிவிட்டார் அந்த அம்மா.

பஸ் நிறுத்தத்தில் மூவரும் நின்றோம். அண்ணி நிழற்குடையின் இரும்புப் பலகையில் உட்கார்ந்திருந்தார். அங்கிருந்தே கேட்டார்.

"அந்த ஓவியர் நிஜமா அப்படிச் சொன்னாரா?"

குள்ளம்மா சாலையைப் பார்த்தபடி பதில் சொன்னார். "இல்லீங்க. கடைசியா ஆஸ்பத்திரியில போய்ப் பார்த்தேன். கையைப் பிடிச்சுக்கிட்டார். நான் போனாலும் விட்டுடாதீங்கன்னார். சரின்னு சொன்னேன்."

"அப்புறம் ஏன்..."

"அந்தம்மாவோட சின்னப் பொண்ணு திங்கட்கிழமையில ஸ்கூல் விட்டு நேரா அங்க வரும். என் ஸ்டூல்ல உக்காந்து வீட்டுப்பாடம் எழுதும். வேலை போன வீட்டுல சாயந்தரம் எப்படி இருக்கும்னு அது தெரிஞ்சுக்க வேண்டாம்."

அவருடைய பஸ் வந்தது. படி உயரம். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து ஏறிக்கொண்டார். ஒரு நல்ல நக்கல் வருமா என்று தேடிப் பார்த்தேன், வரவில்லை.

"அறிக்கையில என்ன எழுதட்டும், அண்ணி?"

"நாலு மணிக்கு அந்த அம்மா என்ன சொன்னாங்களோ, அதை."

அங்கேயே முழங்காலில் தாளை வைத்து எழுதி முடித்தேன். அண்ணி ஒரு எழுத்து விடாமல் படித்துவிட்டுப் பேனாவைக் கேட்டார். இத்தனை வருடத்தில் அவர் பொய் என்று தெரிந்தே கையெழுத்துப் போட்டது அந்த ஒரு தாளில்தான்.